வாகனத்துக்குள் இருக்கும் கணக்கப்பிள்ளை

வாகன உதிரிப் பாகக் கடை நடத்துபவன் என்ற வகையில், காலம் மாறுவதை நான் எனது கடையின் தட்டுகளைப் பார்த்துத்தான் அறிந்து கொள்கிறேன். முன்னர் மாதம் தவறாமல் விற்பனையாகும் சாமான்களில் ஒன்று பிளாஷர் யூனிட். சிக்னல் விளக்கு விட்டு விட்டு எரிவதற்கு அதுதான் காரணம். டொல்பின் வேனுக்கும் எல்ப் லொறிக்கும் பழைய சன்னி காருக்கும் என்று கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பெட்டியாக எடுத்து வருவேன். இப்போது அந்தத் தட்டில் தூசிதான் படிந்து கிடக்கிறது. புதிய ரக வாகனம் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வருவது அரிது.

சிக்னல் போட்டால் "டிக் டிக்" என்று கேட்கிறதே என்பீர்கள். பல வாகனங்களில் அந்தச் சத்தம் இன்று மீற்றர் பலகைக்குள் இருக்கும் ஒரு சிறிய ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. சாரதியின் காது பழகிவிட்டது என்பதற்காக அதை விட்டு வைத்திருக்கிறார்கள். விளக்கை எரித்து அணைக்கும் வேலையை வேறொருவர் எடுத்துக் கொண்டுவிட்டார். அவர்தான் பொடி கன்ட்ரோல் மொடியூல். டொயோட்டாக்காரர்கள் மெயின் பொடி ஈ.சீ.யூ. என்பார்கள். நமது கராஜ்களில் "பொடி கொம்பியூட்டர்" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

என்ஜினுக்கு ஒரு கொம்பியூட்டர் இருப்பது நம்மில் அநேகருக்குத் தெரியும். கதவு லொக், பவர் ஷட்டர், வைப்பர், ஹோர்ன், முன்விளக்கு, உள்விளக்கு, திருட்டு அலாரம், சாவி என்று என்ஜினோடு நேரடிச் சம்பந்தமில்லாத வேலைகளுக்கும் ஒரு கொம்பியூட்டர் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாததால் காசு போகிறது. சின்ன வயர் ஒன்று அறுந்ததற்குப் பெரிய பெட்டியை மாற்றச் சொல்லி இலட்சக் கணக்கில் விலை சொல்கிறார்கள். தம்புள்ளைக்கும் கண்டிக்கும் தினமும் ஓடும் வியாபாரியின் வாகனம் ஒரு கிழமை கராஜில் நின்றால் என்ன நட்டம் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடங்கள், இருந்த வாகனங்களையே ஓட்டினோம். ஜப்பானிலிருந்து வந்த அக்வா, வெகன் ஆர், வெசல் போன்றவை இந்த நாட்டிலேயே கிழடாகிக் கொண்டிருக்கின்றன. புதிதாக இருக்கும்போது இந்தப் பெட்டிகள் சத்தமில்லாமல் வேலை செய்யும். பத்து வருடம் தாண்டி, கதவு வயர்களும் ஏர்த் போல்ட்டுகளும் பழசாகும்போதுதான் அதன் சேட்டைகள் வெளியே தெரியும்.

பழைய முறையை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். பெட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸுக்கு வரும். அங்கிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து விளக்குக்கு. கூடிய மின்சாரம் தேவைப்படும் இடத்தில் நடுவில் ஒரு ரிலே. சுவிட்சைப் போட்டால் மின்சாரம் அதன் வழியாகவே ஓடும். விளக்கு எரியாவிட்டால் இந்த நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில்தான் குறை. கையில் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தால் நல்ல வயரிங் பாஸ் ஒருவர் தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

புதிய முறையில் சுவிட்ச் மின்சாரத்தைக் கொண்டு போவதில்லை. "விளக்கைப் போடு" என்று கேட்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். பெரிய மொத்தக் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் தானே களஞ்சியத்துக்குள் போய் மூட்டையைத் தூக்க முடியாது. துண்டு கணக்கப்பிள்ளையிடம் போகும். அவர் புத்தகத்தைப் பார்ப்பார், சரியென்றால் களஞ்சியக்காரருக்குச் சொல்வார், அவர் மூட்டையை இறக்குவார். பொடி மொடியூல்தான் அந்தக் கணக்கப்பிள்ளை. சாவி உள்ளே இருக்கிறதா, கதவு திறந்திருக்கிறதா, வாகனம் என்ன வேகத்தில் போகிறது, பெட்டரி எவ்வளவு வோல்ட் காட்டுகிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் அது உத்தரவு கொடுக்கும். சாவி உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து லொக் செய்ய விடாமல் கீச்சிடுவதும், கதவைச் சாத்தினாலும் உள்விளக்கு மெதுவாக மங்கி அணைவதும் இதன் வேலைதான். விபத்தின்போது காற்றுப் பை விரிந்ததும், உள்ளே இருப்பவர்களை வெளியே எடுக்க வசதியாகக் கதவுகளின் லொக்கைத் தானாகவே திறந்து விடும் ஏற்பாடும் பல மாதிரிகளில் உண்டு.

கணக்கப்பிள்ளை தனியாக இல்லை. என்ஜின், பிரேக், ஏர்பேக், மீற்றர், ஏ.சி. என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பெட்டி உண்டு. உயர்ரகக் கார்களில் இப்படி நூறு வரை இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் வாகனம் தாங்காது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் இதற்காக 1983இல் வேலையைத் தொடங்கி, 1986இல் ஒரு முறையை வெளியிட்டது. அதன் பெயர் கேன். 1990களின் தொடக்கத்தில் மேர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அது பாவனைக்கு வந்தது. டொயோட்டா நிறுவனம் பொடி வேலைகளுக்கு பீன் என்ற தனது சொந்த முறையைச் சில காலம் வைத்திருந்துவிட்டுப் பின்னர் கேன் முறைக்கே வந்து சேர்ந்தது.

முறை எளிமையானது. முறுக்கிய இரண்டு வயர்கள். எல்லாப் பெட்டிகளும் அந்த இரண்டிலேயே தொங்கும். யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் இரண்டரை வோல்ட் இருக்கும். ஒரு பெட்டி பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். கேட்பவர்கள் அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்கள். வெளியிலிருந்து குழப்பம் வந்தாலும் இரண்டு வயரையும் அது ஒரே மாதிரித்தான் தாக்கும், எனவே வித்தியாசம் மாறாது. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், அவசரமான செய்திக்கு மற்றது வழி விடும். நமது கூட்டங்களில் கூட இந்த ஒழுங்கு இல்லை!

கதவுக் கண்ணாடி, வைப்பர் போன்ற அவசரமில்லாத இடங்களுக்கு லின் என்ற ஒற்றை வயர் முறை பல வாகனங்களில் உண்டு. வேகம் குறைவு, செலவும் குறைவு.

இந்த முறுக்கிய வயரின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று வைத்திருப்பார்கள். இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சொருகும் பதினாறு துவாரச் சொக்கட்டில், அநேகமான வாகனங்களில் 6ஆம் 14ஆம் துவாரங்கள் கேன் வயருக்குரியவை. பெட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் இடையில் மல்டிமீற்றரை வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று பட்டிருக்கிறது. பெட்டியை மாற்றச் சொல்லும் முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்தாரா என்று கேட்பதற்கு நீங்கள் மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை.

உக்குவளைப் பக்கம் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஒரு சகோதரர் சில மாதங்களுக்கு முன் கடைக்கு வந்தார். "நானா, ராவைக்கு இது தன்பாட்டுக்கு லொக் அடிக்குது, சுபஹுக்குப் பார்த்தா பெட்டரி செத்துக் கிடக்குது" என்றார். பெட்டரியை ஒரு தடவை மாற்றியும் விட்டார். ஓரிடத்தில் பொடி கொம்பியூட்டர் போய்விட்டது, ஒரு இலட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பாவித்த பெட்டி ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார். விற்றிருந்தால் எனக்கு இலாபம். எனக்குத் தெரிந்த ஒரு வயரிங் பாஸிடம் முதலில் அனுப்பி வைத்தேன். அவர் சாரதிக் கதவைத் திறந்து, கதவுக்கும் பொடிக்கும் இடையில் வயர்கள் போகும் றப்பர் குழாயை உரித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு வயர்கள் அறுந்தும் அறாமலும் ஒன்றோடொன்று பட்டுக் கொண்டிருந்தன. நாளொன்றுக்கு ஐம்பது தடவை திறந்து மூடும் கதவு அது. வருடக் கணக்கில் மடங்கி மடங்கி வயர் தேய்ந்துவிட்டது. கதவு திறக்கிறது, மூடுகிறது என்று மொடியூலுக்குப் பொய்த் தகவல் போய்க் கொண்டே இருந்ததால் அது இரவு முழுவதும் தூங்கவில்லை.

தூங்குவது என்று நான் சும்மா சொல்லவில்லை. வாகனத்தை லொக் செய்த பிறகு இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறக்க நிலைக்குப் போக வேண்டும். அப்போது முழு வாகனமும் எடுக்கும் மின்சாரம் சாதாரணமாக 50 மில்லி அம்பியருக்குள் இருக்கும். அதாவது நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி. 35 அம்பியர் மணி பெட்டரி கிட்டத்தட்ட ஒரு மாதம் தாங்கும். ஒரு பெட்டி விழித்திருந்து ஒரு அம்பியரை இழுத்துக் கொண்டிருந்தால் நாளொன்றுக்கு 24 அம்பியர் மணி போய்விடும். ஒன்றரை நாளில் பெட்டரி முற்றாகக் காலி. ஸ்டார்ட் எடுக்காமல் போவது அதற்கும் முன்னரே. புதுப் பெட்டரி போட்டும் இறங்குகிறது என்றால் இன்னொரு பெட்டரி வாங்காதீர்கள். லொக் செய்து அரை மணி நேரத்துக்கு மேல் விட்டு, எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பெட்டரி இருக்கிறதே, சின்னது எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிறார்கள். இந்தப் பெட்டிகளை எழுப்புவது அந்தச் சின்ன 12 வோல்ட் பெட்டரிதான். அக்வாவில் அது பின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் கண்ணிலும் படாது, கவனமும் போகாது. அது இறங்கினால் பெரிய பெட்டரி நிறைந்திருந்தும் வாகனம் அசையாது. வோல்ட் குறைந்துவரும் நாட்களில் மீற்றரில் சம்பந்தா சம்பந்தமில்லாத விளக்குகளெல்லாம் எரியும். பயந்து போய்ப் பெரிய கராஜுக்குப் போகும் முன்னர் பெட்டரியையும் அதன் ஏர்த் வயரையும் பார்த்துக் கொள்வது நல்லது. ஏர்த் போல்ட் துருப்பிடித்தால் பிரேக்கை மிதிக்க வேறொரு விளக்கு மங்கலாக எரியும். அதைச் சரி செய்ய ஒரு துண்டு உப்புக் கடதாசி போதும்.

பெட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சாரதிக் கதவின் ஷட்டர் ஒரே அழுத்தலில் மேலே போக மறுத்தால் அது பழுதல்ல. கை நசுங்காமல் இருப்பதற்காக, கண்ணாடி எங்கே முடிகிறது என்பதை மொடியூல் நினைவில் வைத்திருக்கும். மின்சாரம் போனதும் பல மாதிரிகளில் அந்த நினைவு அழிந்துவிடும். கண்ணாடியை முழுவதுமாக மேலே ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் விடாமல் பிடித்திருந்தால் மீண்டும் கற்றுக் கொள்ளும். இதற்காக ஷட்டர் மோட்டர் கேட்டு எனது கடைக்கு வந்தவர்கள் பலர்.

நமது இளைஞர்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 60/55 வாட்ஸ் பல்ப் இருக்க வேண்டிய இடத்தில் 100 வாட்ஸ் போடுவது, இருக்கும் ஹோர்ன் வயரிலேயே இன்னும் இரண்டு ஹோர்னைக் கொளுவுவது, சிக்னல் வயரை வெட்டி அலங்கார விளக்குகளை இணைப்பது ஆகியவை பழைய வாகனத்தில் பியூஸை மட்டும்தான் எரித்தன. இப்போது பல வாகனங்களில் ரிலேக்குப் பதிலாக மொடியூலுக்கு உள்ளேயே சிறிய இலத்திரனியல் சுவிட்சுகள் இருக்கின்றன. எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை அவை அளந்து கொண்டே இருக்கும். அளவு கூடினால் வெட்டிவிடும், அதையும் மீறினால் வெந்துவிடும். அளவு குறைந்தாலும் சந்தேகப்படும். சிக்னலுக்கு எல்.ஈ.டி. பல்ப் போட்டதும் வேகமாக மின்னுவது அதனால்தான். மின்சாரம் குறைவாக ஓடுவதைக் கண்டு, பல்ப் ஒன்று எரிந்துவிட்டது என்று அது நினைக்கிறது. மேலதிக விளக்கு கட்டாயம் தேவையென்றால் பெட்டரியிலிருந்தே தனி வயர், தனி பியூஸ், தனி ரிலே போட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய பாஸ்மாருக்கு உயிரான டெஸ்ட் லேம்ப்பையும் இந்த வயர்களுக்குக் கிட்டக் கொண்டு போகக் கூடாது. அதன் பல்ப் இழுக்கும் மின்சாரமே சில இணைப்புகளுக்கு அதிகம். மல்டிமீற்றர்தான் பாவிக்க வேண்டும். டிங்கர் வேலைக்கு வெல்டிங் வைக்கும் முன்னர் பெட்டரியைக் கழற்ற வேண்டும். ஜம்ப் வயர் கொடுக்கும்போது சிவப்பும் கறுப்பும் மாறினால் ஒரு விநாடி போதும், பெட்டிகளின் கதை முடிந்துவிடும். மஞ்சள் நிறச் சொக்கட் ஏர்பேக்குக்குரியது, செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் ஹைபிரிட்டின் உயர் வோல்ட்டுக்குரியது. இரண்டிலும் கைவைக்க வேண்டாம்.

ஸ்கேன் பண்ணினோம், ஒன்றும் காட்டவில்லை என்று சிலர் சொல்வார்கள். என்ன ஸ்கேனர் என்று கேளுங்கள். குறைக் குறியீடுகள் நான்கு எழுத்துகளில் தொடங்கும். பீ என்ஜினுக்கும் கியருக்கும், சீ பிரேக், ஸ்டியரிங் பகுதிக்கும் உரியவை. பொடிக்குரிய எழுத்தும் நமது காதுக்கு பீ என்றே கேட்கும், ஆனால் அது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாவது எழுத்து. யூ பெட்டிகளுக்கு இடையிலான பேச்சு வார்த்தைக்குரியது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய கருவிகள் பெரும்பாலும் என்ஜின் குறியீட்டை மட்டுமே வாசிக்கும். பொடிக் குறையை அவற்றால் காண முடியாது. யூ குறியீடு ஒன்று வந்தாலும் அந்தப் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. அதனிடமிருந்து பதில் இல்லை என்பதுதான் அர்த்தம். மின்சாரம் போகவில்லையா, ஏர்த் இல்லையா, எலி வயரைக் கடித்ததா என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். நெல், தானியக் களஞ்சியங்களுக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்தும் வியாபாரிகளுக்கு எலி ஒரு சின்ன விடயமல்ல.

எல்லாம் பார்த்து உண்மையிலேயே பெட்டிதான் பழுது என்று முடிவானால், பாவித்தது ஒன்றைத் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போவோம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பொருந்தவும் செய்யும். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் இலக்கம் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். டொயோட்டாவில் அந்த இலக்கம் பொதுவாக 89221 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களில்தான் அந்த வாகனத்துக்குக் கீலெஸ் உண்டா, தானியங்கி விளக்கு உண்டா என்ற வித்தியாசமெல்லாம் அடங்கியிருக்கிறது. இலக்கம் பொருந்தினாலும், சாவியின் இரகசியக் குறியீடு சம்பந்தப்பட்ட மாதிரிகளில் புரோகிராம் செய்யாமல் ஸ்டார்ட் எடுக்காது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இந்த இம்மொபிலைசர் கட்டாயம். ஜப்பான் வாகனங்களிலும் இன்று அது சாதாரணம். ஆகவே பெட்டியின் விலையோடு புரோகிராம் கூலியையும் சேர்த்துப் பேசிக் கொள்ளுங்கள். வாகனம் வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். கையில் ஒரு சாவியாவது இருக்கும்போது இன்னொன்று செய்வது இலேசு, ஒன்றும் இல்லாமல் செய்வதற்குச் செலவு பல மடங்கு.

கடைசியாக, இந்நாட்களில் மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது எமது மாத்தளை மாவட்டமும் பாதிக்கப்பட்டது. நாட்டின் பல இடங்களில் வாகனங்கள் வெள்ளத்துக்குள் நின்றன. கழுவி, காய வைத்து, ஆசன உறை மாற்றிய வாகனங்கள் சந்தைக்கு வராமல் இருக்காது. என்ஜினுக்குள் தண்ணீர் போனால் உடனே தெரியும். பொடி மொடியூலும் அதன் சொக்கட்டுகளும் சாரதியின் காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் இருக்கின்றன. சேற்றுத் தண்ணீர் அங்கே போய்க் காய்ந்தால் அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். செப்புப் பின்கள் மெல்ல மெல்லப் பச்சை பிடித்து, மாதங்கள் கழித்துத்தான் ஷட்டர் தானாக இறங்கும், வைப்பர் நிற்காமல் ஓடும், ஒரு நாள் ஸ்டார்ட் எடுக்காது. தண்ணீரில் நின்ற வாகனம் உங்களுடையதாக இருந்தால் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பெட்டரியைக் கழற்றி, கார்ப்பட்டைத் தூக்கி, சொக்கட்டுகளைத் திறந்து சுத்தம் செய்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். விற்பதாக இருந்தால் சொல்லி விற்க வேண்டும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியின் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வாங்குபவர் முதலில் ஆசனப் பட்டியை முழுவதுமாக இழுத்துப் பார்க்கட்டும். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி அடியில் சேற்றுக் கோடு நிற்கும். ஆசனத்துக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளின் துரு, கார்ப்பட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சின் வாடை, பியூஸ் பெட்டிக்குள் பச்சை நிறம் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு எல்லா ஷட்டர்களையும் எல்லாக் கதவு லொக்குகளையும் எல்லா விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பொடிக் குறியீடுகளையும் வாசிக்கக் கூடிய ஸ்கேனர் உள்ள இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் அதற்கு விடமாட்டேன் என்றால், முற்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக் கொண்டு வீடு திரும்புங்கள்.